அண்ணா உவமை சேர்க்காத வசனம்

எங்கள் அண்ணா ஸ்ரீவராகத்தில் பிறந்து அங்கேயே மறைந்தார். தகப்பனார் சீக்கிரமே காலமாகிவிட்டதால் படிப்பை விட்டு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவானார். அம்மாவையும் என்னையும் குறையில்லாமல் காப்பாற்றினார். இந்த நினைவு மலரில் புகழ்ச்சியாகவே எழுதும்படி உறவினர்கள் சொன்னார்கள். எனக்கு அது வராது, நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணாவுக்கு உவமைப் பைத்தியம் உண்டு. ரசத்தில் உப்பு குறைந்தால்கூட, "ராஜா வராத தர்பார் மாதிரின்னா இருக்கு!" என்பார். நாடகங்கள் எழுதிப் பெயர் வாங்கியதால், சென்னையில் டாக்கி எடுத்த ஒரு முதலாளி வசனம் எழுத அழைத்தார்.

அதற்கு முந்தின வருஷம்தான் அண்ணாவின் ஒரே குழந்தை விஷ ஜுரத்தில் போய்விட்டது. மறுநாள் மன்னி கொடியில் கிடந்த குழந்தையின் துணியைத் தொட்டுப் பார்த்து, "பாவாடை இன்னும் ஒணங்கலையே" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணா ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். மன்னிக்கு அது ஆறவேயில்லை.

"ஊராரிட்ட வாய் ஓயாம பேசறார். எங்கிட்ட ஒரு வார்த்தை இல்லை, கேட்டயா அம்பி" என்று என்னிடம் சொல்லி அழுவார். அதன்பின் அந்த வீட்டில் இருவருக்கும் பேச்சென்றால் சோறும் குழம்பும்தான்.

படத்திலும் குழந்தையை இழந்த தாய் ஒருத்தி உண்டு. அவளுக்கு அண்ணா எழுதியது ஒரே வரி: "பாவாடை இன்னும் உலரலையே." முதலாளி குதித்தாராம்.

"என்ன ஓய் இது! கருகின மொட்டு, உதிர்ந்த நட்சத்திரம், ஏதாவது போடுமேன்!"

"கதாநாயகிக்கு எத்தனை நிலா வேணுமானாலும் தரேன். இந்தத் தாய்க்கு இது போதும்" என்று அண்ணா பிடிவாதமாக நின்றுவிட்டார். அந்த முதலாளி பிறகு அவரைக் கூப்பிடவேயில்லை.

படம் இங்கே வந்தபோது, "மன்னியை அழைச்சுண்டு போகாதே" என்றார் அண்ணா. மன்னி கேட்டால்தானே! என்னோடு கிளம்பிவிட்டார். அந்த வரி வந்ததும் என் கையைப் பிடித்தவர், படம் முடியும்வரை விடவில்லை. திரும்பும்போது பழவங்காடிப் பிள்ளையார் கோவிலருகே நின்று கேட்டார்:

"அப்போ அவர் கேட்டுண்டுதான் நின்னாரா, அம்பி?"

வீட்டுக்கு வந்ததும் நேரே அண்ணாவிடம் போனார். "நான் சொன்னதை யாரோ வாயில குடுத்தேளே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை" என்ற அண்ணா உடைந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். மன்னியும் கூட உட்கார்ந்து அழுதார். நான் தெருவுக்குப் போய்விட்டேன்.

படம் ஓடவில்லை. அண்ணா ஆபீஸுக்கே திரும்பினார். சென்ற வருஷம் மாரடைப்பில் காலமாகும்வரை அவரும் மன்னியும் நிறையப் பேசினார்கள். கூப்பிட்ட போதெல்லாம் வந்த டாக்டருக்கும், தோள் கொடுத்த தெருவாருக்கும், இன்று நினைவு நாளுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்குமுன் மன்னிக்கு இதைப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடா அம்பி. குழந்தை, குழந்தைன்னே எழுதியிருக்கயே. பேரைப் போடப்படாதா?" என்றார்.

அவள் பெயர் அலமேலு.