ஐந்து கொக்கிகள்

காரைக்கால் கடற்கரை மணலில், இஞ்சின் வைத்த பாராகிளைடர் ஒன்றின் முன்னால் நிற்கிறேன். என்னைத் தன் நெஞ்சோடு மாட்டிக்கொண்டு பறக்கப்போகிறவர் சலீம் பாய். மொத்தம் ஐந்து கொக்கிகள்: தொடைக்கு இரண்டு, மார்புக்கு ஒன்று, என்னை அவரோடு சேர்ப்பவை இரண்டு. மூன்று முறை எண்ணிவிட்டேன்.

“எல்லாம் மாட்டியாச்சு” என்கிறேன்.

“ஆச்சு வேணாங்கய்யா. எங்க ஊர்ல கெளம்பாத பஸ்ஸையும் கெளம்பியாச்சும்பாங்க. ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்து, பேரைச் சொல்லுங்க.”

இழுத்துச் சொல்கிறேன். மார்பு. வலது தொடை. அதற்குள் அவர் செல்போன் அடிக்கிறது. வீட்டிலிருந்து; வரும்போது இறால் வாங்கி வரவேண்டுமாம். பேசி முடித்து, “மொதல்லேருந்து சொல்லுங்க” என்கிறார்.

“இடது தொடை வரைக்கும் சொல்லிட்டேனே. காத்து வேற கொறையுது.”

“நடுவுல பேச்சு வந்துட்டா அந்தக் கணக்கு செல்லாதுங்க.”

மறுபடி மார்பு, வலது தொடை. சொல்லிவிட்டதாக நான் நினைத்திருந்த இடது தொடை வாரை இழுத்ததும் அது கையோடு வந்துவிடுகிறது. அந்தக் கொக்கி கவ்வியிருந்தது நான் மடித்துக் கட்டிய வேட்டியின் கரையை மட்டும்.

“வேட்டியை நல்லாத்தான் புடிச்சிருக்கு. ஒங்களைத்தான் புடிக்கலை” என்று சொல்லி, தன் பையிலிருந்து ஒரு கால்சட்டையை எடுத்து நீட்டுகிறார்.

அதைப் போட்டுக்கொண்டு ஐந்தையும் இழுத்துச் சொல்கிறேன். இஞ்சின் உறுமுகிறது, ஓடுகிறோம், கால் மணலை விடுகிறது. அரசலாறு கடலில் கலக்கும் இடம் என் வெறும் பாதங்களுக்குக் கீழே நழுவுகிறது. என்னை அறியாமல் கூச்சலிடுகிறேன்.

“பயமா இருக்கா? எறங்கிடலாங்களா?” என்று காதருகே கேட்கிறார்.

“இன்னும் மேல போங்க பாய்” என்கிறேன்.