நவாப் ஜெயித்த வியாழக்கிழமை

1. சிவப்புக் கட்டங்கள்

"டீச்சர், உங்க ஹிஸ்டரி பீரியட்ல மூணை எடுத்து சயின்ஸுக்குக் குடுத்துபோடலாம்னு இருக்கறனுங்க."

இதைச் சொன்னபோது ஹெச்.எம். தலை நிமிரக்கூட இல்லை. மேசை மேல் ஒன்பதாம் வகுப்பு டைம் டேபிள் விரிந்து கிடந்தது. மூன்று கட்டங்களைச் சிவப்பு மையால் சுழித்தே வைத்திருந்தார். வாரத்துக்கு எனக்கு இருந்ததே ஐந்து பீரியட். மூன்று போனால் மிச்சத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வருகைப் பதிவு எடுக்கவே சரியாகப் போய்விடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கருமத்தம்பட்டிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியையாகப் பதினோரு வருடம் முடித்திருந்தேன். சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள். நாள் முழுக்கத் தறிச் சத்தம் ஜன்னல் வழியே வந்துகொண்டே இருக்கும். அது நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் அந்தச் சிவப்பு மை மட்டுமல்ல. சயின்ஸ் வாத்தியார் சின்னச்சாமி சார் ஏற்கெனவே வாரத்துக்கு ஒரு தடவையாவது என் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். "ஏனுங்க டீச்சர், ஒரே ஒரு பீரியட் குடுங்க. போர்ஷன் முடிக்கோணுமுங்க" என்பார். நல்ல மனிதர், கேட்கிற விதத்தில் மறுக்க முடியாது. அவர் தலையைப் பார்த்ததும் பிள்ளைகள் முகம் மலரும். அதுதான் என்னைச் சுட்டது. என் பாடத்துக்கு ஓம் விதியே மேல் என்று ஒரு வகுப்பே நினைத்தால் அந்த டீச்சர் எப்படிப்பட்டவள்?

எப்படிப்பட்டவள் என்று நானே சொல்கிறேன். புத்தகத்தை வரிவரியாகப் படிப்பேன். "இதை அடிக்கோடு போடுங்க" என்பேன். ஆண்டுகளை ஒப்பிக்கச் சொல்வேன். பின் பெஞ்சில் பாதிப் பேர் தூங்குவார்கள். என்னைக் கேட்டால் எனக்கே கொட்டாவி வரும்.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "சார், ஒரே ஒரு கிளாஸ் வந்து பாருங்க. அதுக்கப்புறம் அந்தச் சிவப்பு மையை வெச்சுக்கறதா அழிக்கறதான்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரிங்க. வியாழக்கிழமை மூணாவது பீரியட் வாரேன். புள்ளைங்க தூங்காம இருந்தாங்கன்னா பேசலாமுங்க."

2. பீரோ மேல் இருந்த டப்பா

அந்த வாரப் பாடம் பிளாசிப் போர். ஆங்கிலேயரிடம் இருந்தது சின்னப் படை. வங்காள நவாபிடம் இருந்தது கடல் போன்ற படை. சண்டைக்கு நடுவே மழை கொட்டியது. ஆங்கிலேயர் தங்கள் வெடிமருந்தைத் தார்ப்பாயால் மூடிக் காப்பாற்றிக்கொண்டார்கள். நவாபின் மருந்து நனைந்து பீரங்கிகள் ஊமையாயின. கூடவே உள்ளுக்குள் துரோகம் வேறு. இதைப் பதினோரு தடவை நடத்தியிருக்கிறேன். வெடிமருந்து நனைந்தால் ஏன் வெடிக்காது என்று ஒரு தடவையாவது யோசித்ததில்லை.

தீபாவளி முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் பீரோ மேல் ஒரு பிஸ்கட் டப்பாவில் மிச்சப் பட்டாசு இருந்தது. அதைப் பார்த்ததும் மண்டையில் பல்பு எரிந்தது. செஞ்சு காட்டிவிட வேண்டியதுதான்!

ஒரே ஒரு சங்கடம். எனக்கு வெடி என்றால் சிறு வயதிலிருந்தே உதறல். சின்னச்சாமி சாரிடம்தான் போய் நின்றேன்.

"ஹிஸ்டரிக்கு எதுக்குங்க வெடி?" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். என் பீரியடை வாங்கப்போகிறவரே அவர்தான், ஆனாலும் மறுக்கவில்லை. "பத்த வெக்கறதுக்கு நான் வாரேனுங்க. மத்தது உங்க பாடு."

3. நவாபின் பீரங்கி

வியாழக்கிழமை. கொடிக்கம்பத்துக்கு அப்பால் மைதானத்தில் வகுப்பை அரைவட்டமாக நிறுத்தினேன். ஹெச்.எம். நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் குடை.

நூல் சுற்றிய அணுகுண்டு வெடி இரண்டு. ஒன்றைப் பாலித்தீன் பையில் சுற்றி அதன் மேல் தண்ணீர் ஊற்றினேன். அது ஆங்கிலேயருடையது. இன்னொன்றைத் திரியைப் பிடித்து மெதுவாகத் தூக்கி, ஒரு மக் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கிப் பிடித்தேன். அது நவாபுடையது.

சின்னச்சாமி சார் பையைப் பிரித்து முதல் வெடியை எடுத்தார். நீளமான ஊதுபத்தியால் பற்ற வைத்தார். டமார்! பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒருத்தர்கூடத் தூங்கவில்லை. எனக்கு ஒரே பெருமை.

"இப்ப நவாபோட பீரங்கியைப் பாருங்க" என்று குரலை உயர்த்தினேன். "மழையில நனைஞ்ச மருந்து. சத்தமே வராது."

திரி சீறியது. நான் புன்னகையோடு ஹெச்.எம். பக்கம் திரும்பினேன்.

டமார்!! முதல் வெடியைவிட இரண்டு மடங்கு சத்தம். பள்ளிக்கூடத்துக் காக்காய் மொத்தமும் கிளம்பியது. ஹெச்.எம். குடையோடு எழுந்து நின்றுவிட்டார்.

பிறகு கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், நவாப் ஜெயிச்சுட்டாருடோய்!"

வகுப்பே ஹோவென்று கூத்தாடியது. சின்னச்சாமி சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஹெச்.எம். மட்டும் சிரிக்கவில்லை. "என்னங்க டீச்சர், இப்படின்னா வெள்ளக்காரன் நம்ம ஊருக்கே வந்திருக்க மாட்டானுங்களே?" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதினோரு வருடம் தூங்க வைத்தேன், சரி. இப்போது வரலாற்றையே பொய்யாக்கிவிட்டேன்! சிவப்புக் கட்டங்கள் கண் முன்னால் வந்தன.

4. தங்கமணி

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு கை மெல்ல உயர்ந்தது. தங்கமணி. வருடத்துக்கு நாலு வார்த்தை பேசாத பெண். அவளுடைய அப்பா கிணறு தோண்டுகிற இடங்களில் பாறைக்கு வெடி வைக்கிற வேலை செய்பவர்.

"டீச்சர், திரி நனையவே இல்லீங்க" என்றாள்.

"என்ன கண்ணு?"

"நீங்க திரியப் புடிச்சுட்டுத்தானுங்க முக்குனீங்க. வெடிக்கு மேல நூலச் சுத்திப் பசை போட்டிருக்காங்க, தண்ணி உள்ள போவாதுங்க. எங்கய்யன் கெணத்துக்குள்ள வேலை செய்யறப்ப ஊத்துத் தண்ணி சொட்டிட்டே இருக்குமுங்க. மருந்த டப்பாவுலதானுங்க வெச்சிருப்பாரு. பொட்டலம் பிரிஞ்சு நனைஞ்சுதுன்னா அன்னைக்கு வேலை இல்லீங்க."

சின்னச்சாமி சார் எழுந்து மண்ணைத் தட்டினார். சிரிப்பு போயே போய்விட்டது. "அம்மணி, இதை எப்படி நிரூபிக்கறது, சொல்லு."

அவள் மக்கில் மிச்சமிருந்த தண்ணீரைக் காட்டினாள். "தீக்குச்சி போதுமுங்க சார்."

மூன்று தீக்குச்சிகள். ஒன்றைச் சும்மா வைத்தாள். ஒன்றைத் தலையோடு தண்ணீரில் போட்டாள். மூன்றாவதைப் பாலித்தீனில் இறுகச் சுற்றி அதே தண்ணீரில் போட்டாள். சும்மா இருந்தது உரசியதும் எரிந்தது. நனைந்ததன் மருந்து பெட்டியில் கருஞ்சிவப்பாக இழுவிக்கொண்டு போனது, பொறி தட்டவில்லை. பாலித்தீனில் இருந்தது பக்கென்று பற்றியது. நவாப் தோற்றார். வகுப்பு மறுபடியும் கத்தியது, இந்த முறை அவளுக்காக.

அவள் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. "டீச்சர், எனக்கு ஒரு சந்தேகமுங்க. இங்க துணி பேல் ஏத்தற லாரிக்காரங்களே மழை வந்தா ஒரு நிமிசத்துல தார்ப்பாய் போட்டுருவாங்க. அவ்வளவு பெரிய நவாப்புகிட்ட தார்ப்பாய் இல்லீங்களா?"

புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. இல்லாத விடையைச் சுற்றி வளைத்துப் பேசுவதில் நான் கெட்டிக்காரி. அன்று ஏனோ வாயில் உண்மை வந்துவிட்டது. "எனக்குத் தெரியல தங்கமணி."

மணி அடித்தது. ஒருவரும் நகரவில்லை. மூடத் துணி இருந்தும் சொல்ல ஆள் இல்லையா, துரோகி வேண்டுமென்றே விட்டானா, மழை திடீரென்று வந்ததா என்று நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஹெச்.எம். டைம் டேபிள் பேச்சையே எடுக்காமல் குடையோடு போனார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

5. வாசலில்

மறுநாள் காலை முதலில் வந்தவர் தங்கமணியின் அப்பா. வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்திருந்தார். சண்டைக்கு வந்தாரோ என்று பயந்தேன்.

"ஏனுங்க டீச்சர், புள்ள சொல்லுச்சுங்க. திரிய உட்டுப்போட்டு வெடிய மட்டும் நனைச்சா என்னங்க பிரயோசனம்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இருவரும் சிரித்தோம். வாசல் வரை போனவர் திரும்பி, "எம்பொழப்பப் பத்தி பள்ளிக்கூடத்துல பேசுனாங்கன்னா இதுதானுங்க மொதல் தடவை" என்றார். சைக்கிள் தெருமுனை திரும்புகிறவரை வாசலிலேயே நின்றேன்.

அடுத்து வந்தவர் ஹெச்.எம். "டீச்சர், அந்தத் தார்ப்பாய் விசயம் ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா? ராத்திரி படுத்தா அதே ரோசனைங்க." பிறகு சட்டைப் பையிலிருந்து டைம் டேபிளை எடுத்து நீட்டினார். சிவப்புக் கட்டங்களின் மேல் நீல மையில் 'வரலாறு' என்று எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ வகுப்புகளை லேபிலும் தறிக்கூடத்திலும் வைத்து நடத்தியிருக்கிறேன். பாதி சோதனைகள் சொதப்பின. இப்போது வேலைக்குச் சேர்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: சோதனை தப்பாகப் போனால் மேசையைத் துடைத்துவிட்டு ஓடாதீர்கள். ஏன் தப்பாகப் போனது என்பது பிள்ளைகளில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். அவர் பேசுகிறவரை வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அப்புறம், நனைப்பதென்றால் திரியோடு நனையுங்கள்.

நவாப் ஜெயித்ததற்கு அடுத்த வியாழக்கிழமை, மூன்றாவது பீரியட். நான் சாக்பீஸை எடுக்கும்போது வாசலில் அந்தப் பழைய தலை தெரிந்தது. பழக்க தோஷம், புத்தகத்தை மூடப் போனேன்.

பின்வரிசையில் தங்கமணி எழுந்து நின்றாள். "சார், இன்னைக்கு எங்களுக்கு ஹிஸ்டரி இருக்குதுங்க."

"தெரியும் அம்மணி" என்றார் சின்னச்சாமி சார். "கொஞ்சம் தள்ளி உக்காரு."

கடைசி பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.