அம்மா கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே

சில வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாதம். தில்லி மோதி பாக்கில் அரசு குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். பள்ளிக்குக் குளிர்கால விடுமுறை. வெளியே தலைகாட்ட முடியாத பனிமூட்டம். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகள் என்ன செய்யும்? ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து படம் பார்க்கும்.

என் ஒன்பது வயது மகளும் மேல் வீட்டு இந்திக்காரப் பெண்ணும் அப்படிப் பார்த்தது, இந்தியில் டப் செய்த ஒரு பேய்ப் படம். பெரிய பங்களா ஒன்றில் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். தேடி வரும் பேய், ஒளிந்திருக்கும் பிள்ளையின் அம்மா குரலில் கூப்பிடும். "என்னம்மா?" என்று வாயைத் திறந்தால் தீர்ந்தது கதை. மகள் கண்ணை உருட்டி உருட்டி இதைச் சொன்னபோது நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தினமும் ஆபீஸ் பஸ்ஸுக்கு அடித்துப் பிடித்து ஓடுகிறவளுக்குப் பேயெல்லாம் ஒரு பயமா? "அந்தப் பேய் வந்து உனக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்குமா?" என்று கேலி செய்து விரட்டிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதிசயமாக நல்ல வெயில். தில்லியில் குளிர்காலத்தில் வெயில் வந்தால் காலனியே மொட்டை மாடிக்கு ஏறிவிடும். நாங்களும் ரஜாய்களை, அதாவது கனத்த பஞ்சுப் போர்வைகளை, மாடியில் உலரப் போட்டோம். கட்டில் மெத்தையையும் தூக்கிக்கொண்டு போனோம்.

எங்கள் கட்டில் பெட்டி வைத்த கட்டில். மேல் பலகையைத் தூக்கினால் உள்ளே ஆள் படுக்கிற அளவுக்கு இடம். சின்ன குவார்ட்டர்ஸில் ரஜாய்களை வைக்க வேறு போக்கிடம் கிடையாது. மற்ற மாதங்களில் அது நிரம்பி வழியும். குளிர்காலத்தில் மட்டும் காலியாகிவிடும்.

மதியம் பிள்ளைகள் இருவரும் வீட்டுக்குள் கண்ணாமூச்சி ஆட ஆரம்பித்தார்கள். மூன்றரை மணி வாக்கில் வெயில் இறங்கியதும் கணவர் மெத்தையைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டு, விரிப்பை விரித்தார். ரஜாய்களை எடுக்க மறுபடி மாடிக்குக் கிளம்பும் நேரத்தில் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து அவருடைய ஆபீஸ் நண்பரும் மனைவியும் வந்துவிட்டார்கள். தங்கள் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் சோபாவும் அந்தக் கட்டில்தான். இருவரும் அதில் உட்கார்ந்தார்கள். இருவருமே நல்ல கனமான ஆட்கள்.

காபி கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக் கதை ஓடியது. நடுவில் அந்த அம்மாள் காலைத் தூக்கிக்கொண்டு, "கட்டிலுக்கு அடியில என்னமோ டக் டக்குன்னு சத்தம் கேக்குதே, எலியா?" என்றார். எனக்கு மானம் போனது. "எலிதாங்க. பழைய குவார்ட்டர்ஸ், என்ன வெச்சாலும் போக மாட்டேங்குது" என்று சிரித்து மழுப்பினேன். சத்தமும் நின்றுவிட்டது.

பிறகு மேல் வீட்டுப் பெண் வந்து நின்றாள். தேடித் தேடி அலுத்துப்போயிருந்தாள். "ஆண்ட்டி, அவள் கிடைக்கவே இல்லை" என்றாள் இந்தியில். நான் குரல் கொடுத்தேன்.

"கண்ணு, விளையாட்டு போதும், வெளியே வா. அங்கிள் ஆண்ட்டி வந்திருக்காங்க பார்."

பதில் இல்லை. அதட்டினேன். கெஞ்சினேன். அந்தப் பெண் சிரித்தாள். "நீங்க கூப்பிட்டா வர மாட்டாள் ஆண்ட்டி. அம்மா குரல் கேட்டா பேசவே கூடாது, அதான் ரூல்."

முதலில் கோபம்தான் வந்தது. குளியலறை, பால்கனி, அலமாரி, மாடிப்படிக்குக் கீழே என்று எல்லா இடமும் பார்த்தோம். கோபம் போய், பார்த்த இடங்களையே மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். விருந்தாளிகள் கட்டிலை விட்டு எழாமல், "பயப்படாதீங்க, பிள்ளைங்கதானே, எங்க போயிடும்?" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்து மொட்டை மாடிக்கு ஓடினேன். தொட்டியின் மூடி சரியாகத்தான் இருந்தது. திரும்பும்போது சுவர் மேல் எங்கள் ரஜாய்கள் கிடப்பதைப் பார்த்தேன். ரஜாய் எல்லாம் இங்கே என்றால் கட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. "எழுந்திரிங்க! எழுந்திரிங்க!" என்று அலறிக்கொண்டே வந்தேன். மெத்தையை இழுத்துத் தள்ளிவிட்டுக் கணவர் பலகையைத் தூக்கினார்.

உள்ளே சுருண்டு கிடந்தாள். அந்தக் குளிரிலும் தலை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. தூக்கி மடியில் போட்டு, பெயரைச் சொல்லிக் கத்தினேன். மெல்லக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பார்த்தவள், கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆக்ஸிஜன் வைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால்" என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தெய்வாதீனமாகப் பிழைத்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு வாரம் பொறுத்துத்தான் கேட்டேன், "ஏன்டா கண்ணு கத்தல?"

"மெத்தை போட்டப்ப ஜாலியா இருந்தது மம்மி. அப்புறம் மூச்சு முட்டிச்சு. பலகையைத் தள்ளினேன், வரல. தட்டினேன். நீ எலின்னு சொன்னே." பிறகு ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்: "என் மம்மின்னா நான்தான்னு கண்டுபிடிச்சிருப்பா. அதான் அது நீ இல்லன்னு நினைச்சேன். அப்புறம் நீ கூப்பிட்டப்ப ரொம்ப பயமா இருந்துச்சு, பேசவே இல்ல."

சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்தப் படத்தைப் பிறகு நானும் முழுசாகப் பார்த்தேன். பேய் வந்த இடத்திலெல்லாம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுவில் ஒரு காட்சியில் உண்மையான அம்மாவே வாசலில் நின்று கூப்பிடுவாள், பிள்ளை பதில் சொல்லாது. அந்த இடத்தில் என்னால் மூச்சு விட முடியவில்லை. படத்தைத் திட்டி என்ன பயன்? அது கதை. என் வீட்டில் அதை நம்பிய பிள்ளை ஒருத்தி இருந்தாள்.

இப்போது வளர்ந்துவிட்டாள், பேய்ப் படங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஆனாலும் பக்கத்து அறையிலிருந்து நான் கூப்பிட்டால் உடனே குரல் கொடுக்க மாட்டாள். எழுந்து வந்து, என் முகத்தைப் பார்த்த பிறகுதான் "என்ன மம்மி?" என்பாள். கூப்பிட்ட கையோடு, செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, என் முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும்படி வாசல் பக்கம் திரும்பி நிற்கிறேன். பெற்ற பிள்ளையிடம் நான்தான் அம்மா என்று ஒவ்வொரு முறையும் நிரூபித்தாக வேண்டும் என்பது அன்றோடு முடியவில்லை.