ஈரத் தலையோடு வந்த பாண்டியம்மா அக்கா

பிசியோதெரபி கடைசி வருட ஆராய்ச்சி எனக்கு. பக்கவாதத்தில் கை விளங்காமல் போனவர்களின் தலையில் பட்டைகளை ஒட்டி, லேசாக மின்சாரம் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். பாதிப் பேருக்குப் பட்டை மட்டும்தான், மின்சாரம் இருக்காது என்று சொல்லித்தான் எல்லாரையும் சேர்த்தோம். யாருக்கு எது என்பது எனக்கே தெரியாது.

சோழவந்தானிலிருந்து வரும் பாண்டியம்மா அக்கா, ஒரு நாள் தலை நிறைய எண்ணெய் தடவி வந்துவிட்டார். எண்ணெய் இருந்தால் மின்சாரம் ஏறாது. எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். "எத்தன தடவக்கா சொல்றது?"

"பரட்டத் தலையோட வரக் கூச்சமா இருந்துச்சு தம்பி" என்று எழுந்து போனார். கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார் என்றே நினைத்தேன். எட்டிப் பார்த்தால், வெளிக் குழாயடியில் ஒற்றைக் கையால் சோப்புப் போட்டுத் தலையை அலசிக்கொண்டிருந்தார். ஈரம் சொட்ட வந்து உட்கார்ந்து, "இப்ப ஒட்டும்ல?" என்றார்.

எல்லாம் முடிந்தபிறகு தெரிந்தது, அக்காவுக்கு ஒரு நாளும் மின்சாரம் பாயவில்லை. அந்த எண்ணெயைக் கழுவியிருக்கவே வேண்டாம். தலையைக் குனிந்துகொண்டு அவரிடம் சொன்னேன்.

"அது கெடக்கு. மத்தவுகளுக்குக் கை சரியாச்சா தம்பி?"

"கொஞ்சம்" என்றேன். அக்கா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

இன்றும் யாராவது எண்ணெய்த் தலையோடு வந்தால், வெந்நீர் வைத்து நானே அலசிவிடுகிறேன்.