கமராவுக்கு வைத்த கறுத்தப் பொட்டு

அக்காவின் முகத்தை ஒரு வெள்ளைத் தீற்று மறைத்திருக்கும் அந்தப் படம், முப்பதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம் எடுக்கப்பட்டது. ஆண்டை என்னால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. மாதத்தில் சந்தேகமில்லை. தம்பி குப்புறப் பழகிக்கொண்டிருந்தான். அடுத்த வளவில் புகையிலை உணக்கும் மணம் எங்கள் வீட்டுக்குள்ளும் நிறைந்திருந்தது. எதற்கும் திகதி எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு ஐயாவிடமிருந்து வந்தது. அந்தப் படத்தின் பின்புறத்தில் மட்டும் அவர் ஒன்றும் எழுதவில்லை.

ஐயா பட்டினத்தில் கிளாக்கர். எங்கள் ஊரான இணுவிலிலிருந்து சைக்கிளில் போய்வருவார். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டபோது, அவர் ஒரு பழைய கமராவை எடுத்து வந்தார். மூடியைத் திறந்தால், ஆர்மோனியத்தின் துருத்திபோல் மடிப்பு மடிப்பான கறுப்புத் தோல் முன்னால் நீளும். அதன் நுனியில் கண்ணாடி. பார்க்க அழகாயிருந்தது. ஆனால் தோலின் மடிப்பு மூலைகள் தேய்ந்து ஊசித்துளைகள் விழுந்திருந்தன. அவற்றால் வெளிச்சம் புகுந்தால் பிலிம் கெட்டுவிடும் என்று ஐயா விளக்கினார். விளக்கியது அக்காவுக்கு. நான் பக்கத்தில் நின்று கேட்டேன், அவ்வளவுதான்.

பட்டினத்தில் படம் பிடிக்கும் கடையில் கொடுத்தால் திருத்தித் தரமாட்டார்களா என்று அம்மா கேட்டார். ஐயா வேண்டாமென்றுவிட்டார். ஊர்க் கண்ணெல்லாம் ஏன், வீட்டிலேயே பார்ப்போம் என்றார்.

துளைகளைக் கண்டுபிடிக்க இருட்டு வேண்டும். எங்கள் வீட்டில் சன்னல் இல்லாத நெல் அறை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐயாவும் அக்காவும் கமராவோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். துருத்திக்குள் டோர்ச் வெளிச்சத்தை விட்டால், துளை இருக்கும் இடமெல்லாம் வெளியே புள்ளியாகத் தெரியுமாம். நானும் வருகிறேன் என்றேன். நீ சும்மா இராமல் கதவைத் திறப்பாய், தம்பியைப் பார்த்துக்கொள் என்றார் ஐயா. கதவுக்கு வெளியே, எச்சில் வடித்துக்கொண்டிருந்த தம்பியோடு இருந்தேன். உள்ளே அக்கா சிரிப்பது கேட்டது.

"ஐயா, இஞ்சை பாருங்கோ. கார்த்திகை நட்சத்திரம் மாதிரிக் கிடக்கு."

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்காவுக்குப் பதினேழு. நீண்ட தலைமயிரும் பாட்டு வாத்தியாரின் புகழ்ச்சியும் அவளுக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தன. நட்சத்திரங்களையாவது எனக்கு விட்டுவைத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் பழைய குடைத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, அரிசிமாப் பசையால் ஒட்டினார்கள். வெட்டியதும் ஒட்டியதும் அக்கா. ஒரு கிழமை கழித்து ஐயா அலுமாரியைத் திறந்தபோது துணி தனியே கிடந்தது. பசை முழுவதையும் கரப்பான்கள் தின்றிருந்தன. போகிற போக்கில் தோலையும் கொஞ்சம் ருசி பார்த்திருந்தன. அந்தக் கரப்பான்கள்மீது எனக்குத் தனி மரியாதை உண்டாயிற்று.

பிறகுதான் தம்பியின் பொட்டு நினைவுக்கு வந்தது. நாவூறு படாமலிருக்கக் குழந்தையின் கன்னத்தில் வைக்கும் கறுத்தப் பொட்டை எங்கள் பக்கத்தில் வீட்டிலேயே செய்வார்கள். சவ்வரிசியைக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் காயவைப்பது. ஈர விரலால் தொட்டால் பசையாக வரும். காய்ந்தால் இறுகிப் பிடிக்கும். அந்தச் சிரட்டையைக் கொண்டுவந்து நீட்டியதும் அக்காவே.

"பிள்ளைக்கு வைக்கிற பொட்டை உந்தப் பெட்டிக்கோ வைக்கப் போறியள்?" என்றார் அம்மா.

"உதுக்கும் நாவூறு படக்கூடாதெல்லே," என்றார் ஐயா.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காலத்தில் அந்தப் பொட்டு என் கன்னத்துக்கு உரியது. வளர்ந்தபின் எனக்கு வைப்பதை நிறுத்திவிட்டார்கள். பிறகு தம்பிக்கு வைத்தார்கள். இப்போது கமராவுக்கும் வைக்கிறார்கள். நாவூறு படத் தக்கதாக என்னிடம் எதுவும் இல்லையென்று வீடே முடிவுசெய்துவிட்டது போலிருந்தது.

துளைகள் எல்லாம் அடைபட்டன. மறுநாள் பிலிம் போடுவதாக இருந்த பின்னேரம், அக்கா அலுமாரிக்கு முன்னால் தனியே நிற்பதைக் கதவிடுக்கால் கண்டேன். கமரா விரிந்திருந்தது. அவள் விரல்நுனியை நாக்கில் தொட்டு, துருத்தியின் ஒரு மூலையை மெல்லத் தேய்த்தாள். பிறகு விரலைப் பாவாடையின் உட்கரையில் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு செய்தும் ஆசை தீராமல் இன்னும் திருத்துகிறாளே என்று எனக்கு வயிறெரிந்தது.

படம் எடுத்த அன்று அம்மா தன் சங்கிலியை அக்காவின் கழுத்தில் போட்டார். செவ்வரத்தைப் பூச்செடிக்குப் பக்கத்தில் கதிரை வைத்து அவளை இருத்தினார்கள். பிள்ளை, கொஞ்சம் நிமிர்ந்து பார் என்று ஐயா கேட்டுக்கொண்டே இருந்தார். சுருளில் எட்டுப் படம். எட்டும் அவளுக்கே. எனக்கொன்று என்று கேட்டதற்கு, உனக்குப் பிறகு என்று சொல்லிவிட்டார்.

பட்டினத்து மருந்துக்கடை ஒன்றில் பிலிம் கழுவிக் கொடுத்தார்கள். ஐயா கொண்டுவந்த படங்களை அம்மா வாங்கிப் பார்த்தார்.

"ஒண்டிலையும் முகம் தெரியேல்லையே."

எட்டிலும் ஒரே இடத்தில், அக்காவின் நெற்றியிலிருந்து நாடிவரை, வெள்ளைத் தீற்று. என் மகிழ்ச்சியை மறைக்கத் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஐயா ஏசவில்லை. அக்காவைச் சிறிது நேரம் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள். பிறகு அவர் சிரட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இனிச் சின்னவள் பாக்கட்டும். அவளுக்குக் கண் கூர்."

அன்று நெல் அறைக்குள் நான் போனேன். கதவுக்கு வெளியே அக்கா தம்பியோடு இருந்தாள். துருத்திக்குள் டோர்ச்சைக் கொளுத்தினேன். எங்கும் ஒரே கறுப்பு. கமராவை மெல்லத் திருப்பத் திருப்ப, ஒரு மூலையில் ஒரேயொரு நட்சத்திரம் தெரிந்தது. டோர்ச்சை வெளியே எடுத்துப் பிடித்தேன்; அதைச் சுற்றிப் பழைய பொட்டின் கறை வளையமாக இருந்தது. நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. பூசினேன். காயவிட்டு மறுபடியும் பூசினேன். துருத்தியை மடித்து விரித்துப் பார்த்து, போதாதென்று இன்னொரு தரமும் பூசினேன்.

இரண்டாம் சுருள் பளிச்சென்று வந்தது. அக்காவின் கண்ணிமைகூடத் தெரிந்தது. அவற்றில் நல்லதொன்றை ஐயா கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அது எங்கே போகிறதென்று நான் கேட்கவில்லை. கமரா திருந்தியது என்னால்தான் என்று எவராவது சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் மலாயாவுக்குப் போனது. அங்கே ரெயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் அதைப் பார்த்துக் கலியாணத்துக்குச் சம்மதித்தார். கலியாணமாகாத ஒரு குமர்ப்பிள்ளை பட்டினத்துக் கடையில் போய்ப் படம் எடுத்துக்கொண்டாள் என்றால், அது எதற்கென்று பொழுது சாயுமுன் ஊர் அறிந்துவிடும். மாப்பிள்ளை பக்கத்தார் வேண்டாமென்றால் அந்தப் பேச்சு அவளை விட்டுப் போகாது. அதற்காகத்தான் ஐயா பழைய கமராவோடு அவ்வளவு பாடுபட்டார். அடுத்த தை மாதம் அக்கா கப்பலேறினாள். அங்கேயே பேரப்பிள்ளைகளையும் கண்டாள். எழுதிய கடிதங்களில் ஒரு குறையும் சொல்லவில்லை. அந்தத் துளையைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் சுருளின் படங்கள் வந்த அன்று பின்னேரம் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தக் கடைசி ஓட்டையை நீயே தனியக் கண்டனீ?"

"ஓம். நீங்கள்தான் விட்டிட்டியள். ஒண்டே ஒண்டு."

"நல்லா அடைச்சனியோ?"

"மூண்டு தரம் பூசினனான்."

அக்கா தலையை ஆட்டினாள். கெட்டிக்காரி என்றாள். பிறகு சிரட்டையை எடுத்து, விரலை நனைத்து, என் கன்னத்தில் பெரிதாக ஒரு கறுத்தப் பொட்டு வைத்தாள். நான் கண்ணாடிக்கு ஓடினேன். மறுநாள் கிணற்றடியில் குளிக்கும்போது, அந்தக் கன்னத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டேன்.