பை ஏறிய வண்டி

ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்து வேலைக்குப் போகிறவனுக்கு உத்தியோகம் இரண்டு: ஒன்று ஆபீஸில், இன்னொன்று ஜன்னலோரத்தில். இரண்டாவதில் லீவே கிடையாது. எண்பதுகளில் உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் காஞ்சிபுரம், அங்கிருந்து பாசஞ்சரில் செங்கல்பட்டு, அப்புறம் மின்சார ரயிலில் சென்னை என்று தினமும் போய்வந்தவன் நான். உங்களுக்கும் இந்த ஜாதகம் வாய்த்திருந்தால், நான் விட்டதையெல்லாம் நீங்களே நிரப்பிக்கொள்வீர்கள். ஓர் ஐப்பசிப் புயலில் வீடு திரும்பிய கதை இது.

பச்சை மைக் கையெழுத்து

என் தங்கை கௌரி டீச்சர் டிரெயினிங் முடித்து, வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்துவிட்டு ஆறு வருஷம் காத்திருந்தாள். ஒரு வழியாக நேர்காணலுக்குக் கார்டு வந்தது. அந்தப் புயல் நாளுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் காஞ்சிபுரத்தில், ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு ஆஜராக வேண்டும். நகல்களில் ஓர் அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஊரில் அதற்காக யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? எங்கள் ஆபீஸிலேயே ஓர் அதிகாரி இருக்கிறாரே என்று, நகலையும் ஒரிஜினலையும் ஒரே பையில் போட்டுச் சென்னைக்குத் தூக்கிப்போன புத்திசாலி நானேதான்.

கையெழுத்து வாங்கி முடிக்கவும், ஆபீஸ் ஜன்னல் கதவு ஒன்று காற்றில் பிய்த்துக்கொண்டு போகவும் சரியாக இருந்தது. புயல் நெருங்குகிறது என்று ரேடியோவில் சொன்னதும், மதியம் ஒரு மணிக்கே பூட்டச் சொல்லிவிட்டார்கள். தலைமை குமாஸ்தா வாசலில் நின்று வழியனுப்பினார்: "பத்திரமா போய்ச் சேருங்கய்யா. சேர்ந்தவங்க நாளைக்கு லேட்டா வரக் கூடாது."

மூஞ்சிக்கு ஒரு குடை

எல்லா ஆபீஸும் ஒரே நேரத்தில் பூட்டினால் மின்சார ரயில் என்ன ஆகும்? ஒற்றைக் காலில் நின்றேன். இன்னொரு கால் எங்கே இருந்தது என்று தாம்பரம் வரும்வரை எனக்கே தெரியாது. தாம்பரம் தாண்டியதும் கரண்ட் போய் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. வாசலருகே இருந்தவர்களுக்கெல்லாம் முகம் வரை சாரல். சர்டிபிகேட் நனைந்தால் கௌரி முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தேன். அரை மணி நேரத்தில் கை மரத்துப்போய், பை மெல்ல இறங்கி, பக்கத்திலிருந்த குள்ளமான மனிதரின் முகத்தில் உட்கார்ந்துவிட்டது.

பதறிப்போய் எடுக்கப் பார்த்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "இருக்கட்டும் நைனா, எடுக்காத. சாரல் அடிக்காம நல்லாத்தான் கீது."

கை செய்த வேலை

கரண்ட் வந்து, வண்டி ஒரு வழியாக நகர்ந்து, செங்கல்பட்டில் இறங்கினால், காஞ்சிபுரம் பாசஞ்சர் புறப்படத் தயாராக நிற்கிறது. அதை விட்டால் அன்றைக்கு வேறு வண்டி இல்லை. பாசஞ்சரில் இடம் பிடிக்கிற சம்பிரதாயம் உங்களுக்கே தெரியும். கம்பியில்லாத ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ உள்ளே போட்டுவிட்டால் அந்த சீட்டு நம்முடையது. அதைத் தள்ளிவிட்டு உட்காருகிற துணிச்சல் எவனுக்கும் கிடையாது. பதினோரு வருஷப் பழக்கம். என்னைக் கேட்காமலே என் கை அந்த வேலையைச் செய்துவிட்டது.

பை உள்ளே விழுந்த பிறகுதான் அதில் என்ன இருக்கிறது என்று உறைத்தது. வாசலுக்கு ஓடினேன். படியிலேயே பத்துப் பேர் தொங்கினார்கள். ஒரு கம்பி கைக்குக் கிடைத்தது, கால் வைக்க இடம் கிடைக்கவில்லை. வண்டி நகர்ந்தது. பிளாட்பாரத்தின் கோடி வரைக்கும் கத்திக்கொண்டே ஓடினேன். தங்கையின் ஆறு வருஷத்தை ஒரே வீச்சில் தொலைத்துவிட்டேன். மழைக்கு ஒதுங்கியிருந்த போர்ட்டர் நிதானமாகக் கேட்டார்: "பைய ஏத்திட்டு நீ இன்னாத்துக்கு சார் நின்னுட்ட?"

முன்னால் ஓடு

பையை இறக்கிவைக்கச் சொல்ல, ஸ்டேஷன் மாஸ்டர் வழியிலிருக்கிற வாலாஜாபாத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். லைன் செத்திருந்தது. ரயிலுக்கு முன்னால் போய்விடலாம் என்று காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறினேன். அதுவோ விழுந்த மரங்களையெல்லாம் விசாரித்துக்கொண்டு ஊர்ந்தது. கொஞ்சம் வேகமாகப் போகக் கூடாதா என்று நான் நாலாவது முறை கேட்டதும் கண்டக்டர் கதவைத் திறந்தே விட்டார்: "நீ வோணா எறங்கி முன்னால ஓடு சார். மரம் கெடந்தா கை காட்டு."

சொகமாக வந்த பை

வாலாஜாபாத்தில் பஸ் நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. ஒரு பொம்பளை ஜன்னல் ஜன்னலாகத் தட்டிக்கொண்டு வந்தாள். முனியம்மா. பக்கத்துத் தென்னேரியிலிருந்து எங்கள் வண்டியில் கீரை கொண்டுபோகிறவள். வழியில் கூடையை வைக்கிறாள் என்று மாதத்தில் இருபது நாள் நான் அவளோடு மல்லுக்கு நிற்பேன். கூட்டத்துக்குப் பயந்து செங்கல்பட்டில் தண்டவாளப் பக்கமாக அவள் அந்த வண்டியில் ஏறியிருக்கிறாள். பை விழுந்ததையும் நான் ஓடியதையும் பார்த்திருக்கிறாள். ரயிலை விட்டவன் பஸ்ஸில்தானே வரவேண்டும் என்று, இறங்கியதிலிருந்து மழையில் நின்று மூன்று பஸ்ஸில் தேடிவிட்டாள்.

கூடையில் விற்காத முளைக்கீரைக் கட்டுகள். அவற்றுக்கு அடியில் யூரியா சாக்கு, அதற்குள் என் பை. திறந்து பார்த்தேன். சர்டிபிகேட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை. அவள்தான் தலையிலிருந்து கால் வரை சொட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளிடம் போட்ட சண்டையெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாகவும் இருந்தது. நன்றி சொல்ல வாய் வராமல், ரயிலில் ரொம்பக் கூட்டமா என்று கேட்டுவைத்தேன்.

"மூச்சு வுட முடில. ஆனா சீசன்காரர் பைன்னு ஒருத்தரும் உன் சீட்டுல குந்தல. அது சொகமா குந்திகினு வந்துச்சு, நாங்கல்லாம் நின்னுகினு வந்தோம்."

பத்து மணி

வீடு சேர எட்டு மணி. கௌரி ஒவ்வொரு காகிதமாகத் தடவிப் பார்த்து முடித்த பிறகுதான், என் காலில் ஒரு செருப்பு இல்லாததைக் கவனித்தாள். மறுநாள் வானம் வெளுத்துவிட்டது. முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினோம். அவளை உள்ளே அனுப்பிவிட்டு நான் வராந்தாவில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல், அந்த அதிகாரி சொன்னதைச் சொல்லிக் காட்டினாள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் புரட்டியவர், அதை மூக்கருகே கொண்டுபோய்க் கேட்டாராம்: "என்னம்மா, மார்க் நல்லாத்தான் இருக்கு, புஸ்தகம் ஏன் கீரை வாசனை அடிக்குது?"

தை மாதம் திருப்புலிவனம் பள்ளிக்கூடத்தில் அவள் வேலையில் சேர்ந்தாள். என் சீசன் காலம் முழுவதும் அடித்துப் பிடித்துப் போட்ட இடங்களிலேயே உருப்படியானது, நான் உட்காராத அந்த ஒன்றுதான்.