பெரட்டுக்கு அடித்த இரும்பு

சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கோலாலம்பூரில் பேருந்து ஏறினேன். ஜொகூர் பாரு முந்நூற்று முப்பது கிலோமீட்டர், கட்டணம் முப்பத்தைந்து ரிங்கிட். குளிர் தாங்கவில்லை என்று மூன்று முறை சொல்லியும் ஓட்டுநர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் நல்ல மனநிலையில்தான் போனேன். இந்தக் கட்டுரையில் பலரைத் திட்டப்போகிறேன், முதல் ஆள் நான்தான். அதனால் அதையும் எழுதிவைக்கிறேன்.

போன காரியம் இது. பொந்தியான் பக்கம் ராணுவம் காலிசெய்துவிட்டுப் போன ஒரு முகாம் இருக்கிறது. வீட்டுமனை போட மண்ணைக் கிளறியபோது பழைய பொருள்கள் கிடைத்தன. நிலத்தை வாங்கியவர்கள் அவற்றை அடையாளம் காண ஒரு குழுவை அமர்த்தினார்கள். குழு அக்கம்பக்கத்துப் பழைய ஆட்களைக் கூப்பிட்டு, பொருளைக் காட்டி, அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தது. தமிழ்ப் பதிவுகளை மலாயில் மொழிபெயர்த்துக் கொடுத்தவன் நான். பிறகு அந்தப் பொருள்களை வைத்துப் போட்ட கண்காட்சியின் தமிழ்க் குறிப்புகளும் என்னுடையவை. என் எழுத்து சுவரில் தொங்குவதைக் கண்ணால் பார்க்க ஆசை, வேறென்ன?

பன்னிரண்டு மணிக்கு லார்க்கின் நிலையத்தில் இறங்கி ஒரு வாடகைக் கார் பிடித்தேன். ஓட்டுநர் சிவா, பெர்மாஸ் ஜெயாக்காரர். பத்து வருடம் சிங்கப்பூர் வேலைக்குப் போய்வந்து சலித்தவர். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டருக்கு எழுபத்தெட்டு ரிங்கிட்.

“அங்க என்னா சார் இருக்கு பாக்க? ஆர்மி போயாச்சு. வெறும் காடு தான் லா.”

“கண்காட்சி வெச்சிருக்காங்க.”

“டிக்கெட் எவ்ளோ?”

“சும்மாதான்.”

“அப்ப ஒண்ணும் இருக்காது சார்.”

ஸ்கூடாய் தாண்டியதும் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். பொந்தியான் நெருங்க நெருங்கச் சாலையோரம் அன்னாசிக் கடைகள். ஐந்து ரிங்கிட்டுக்கு இரண்டு பழம் வாங்கி வண்டியிலேயே தின்றோம். நாக்கு எரிந்தது.

ஒன்றரை மணி. வாசலில் பெயர், அடையாள அட்டை எண், வந்த நோக்கம் எல்லாம் எழுதச் சொன்னார்கள். அதிகாரிகள் சாப்பிட்ட பழைய கூடம்தான் கண்காட்சி. பெல்ட் கொக்கிகள், தகரக் குவளைகள், துருப்பிடித்த தோட்டா உறைகள். நடுவில் சங்கிலியில் தொங்கியது மூன்றடித் தண்டவாளத் துண்டு. அதன் கீழே என் தமிழ்: ‘படைவீரர்களை அதிகாலை அணிவகுப்புக்கு அழைக்க ஒலித்த இரும்பு.’

அந்த வரியை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. எழுபத்தைந்து வயதிருக்கும், நீலச் சட்டை, கைலி. என்னைப் பார்த்து, “தம்பி தமிழா? அணிவகுப்புன்னா என்னா?” என்றார்.

“பரேடும்மா. சிப்பாய்ங்க வரிசையா நின்னு...”

“சிப்பாய்ன்னு யாரு சொன்னா? இந்த இரும்பப் பத்தி சொன்னது நாந்தான். பெரட்டுக்கு அடிக்கிறதுன்னு சொன்னேன்.”

பதிவில் கேட்ட குரல் அதுவேதான். எனக்கு வந்தது நாற்பது நொடித் துண்டு: ‘காலைல பெரட்டுக்கு இதத்தான் அடிப்பாங்க. அஞ்சு மணிக்கு எல்லாரும் வரிசையா வந்து நிக்கணும்.’ பெரட்டு, பரேடு. இடமோ ராணுவ முகாம். சந்தேகமே வரவில்லை. குறைகுடம் கூத்தாடும் என்பார்களே, அப்படி ஆடியிருக்கிறேன்.

சரஸ்வதியம்மா, அதுதான் அவர் பெயர், எனக்குப் பாடம் எடுத்தார். “ராணுவம் வர்றதுக்கு முன்னாடி இது ரப்பர் தோட்டம் தம்பி. காலைல ஆளுங்கள நிக்க வெச்சு பேர் கூப்புடுவாங்க, எந்த நெரையில பாலுக்கு மரம் வெட்டணும்னு சொல்லுவாங்க. அதான் பெரட்டு. லேட்டா போனா அன்னிக்கி வேல இல்ல. நீங்க டவுன் ஆளா?”

டவுன் ஆள்தான். தாத்தா செட்டிநாட்டிலிருந்து கடை வைக்க வந்தவர். ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் எவரையும் யாரும் வரிசையில் நிறுத்தியதில்லை. சொல்லின் பிறப்பு பரேடுதான், அதில் நான் தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லை வாயில் வைத்திருந்த ஜனங்களை வழித்தெறிந்துவிட்டேன்.

ஒரு குறிப்புதானே, மாற்றினால் போயிற்று என்று நினைத்தேன். அந்த அம்மா அங்கே தினமும் வந்து நிற்கிறாராம், குறிப்புக்காக அல்ல. இரும்பு கிடைத்த இடம் பெரட்டுக் களம், அது எப்போதும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு எதிரில்தான் இருக்கும். அந்த லயத்துக்குப் பின்னால் இடுகாடு. அவருடைய முதல் பிள்ளை மல்லிகாவை, பதினோரு மாதக் குழந்தையை, காய்ச்சலில் பறிகொடுத்து அங்கேதான் புதைத்தார்கள். இப்போது அந்த வழியாகச் சாலை போடப்போகிறார்கள்.

“அத அவங்ககிட்ட சொல்லலியா?”

“சொல்லாம? இரும்பப் பத்தி மட்டும் பேசுங்கன்னாங்க.”

இரண்டு மணிக்கு அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் குழுவின் பொறுப்பாளரைப் பிடித்தேன். என்சிக் ஜமால், மரியாதையான மனிதர், தேநீர் வரவழைத்தார். அந்த மரியாதை எனக்கு எரிச்சலை இன்னும் கூட்டியது. அறிக்கையை எடுத்துக் காட்டினார். வரைபடத்தின்படி தோட்டத்து வீடுகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஆள் குடியிருந்ததற்குச் சான்று இல்லை. கிடைத்தவை யாவும் ராணுவப் பொருள்கள், தண்டவாளம் உட்பட. அடிக்குறிப்பில் என் மொழிபெயர்ப்பு.

“இறந்தவர்களைப் பற்றி இந்த அம்மா சொன்னதை ஏன் வெட்டினீர்கள்?” என்று மலாயில் கேட்டேன். பொருளுக்குத் தொடர்பில்லாததால் என்றார். மேசையைத் தட்டிவிட்டேன், தேநீர் சிந்தியது. பொருளென்றால் இரும்பு மட்டுமா? அதை அடித்தவன், அந்தச் சத்தத்துக்கு எழுந்தவள் எல்லாம் எந்தக் கணக்கில் சேர்த்தி? நான் தவறாக மொழிபெயர்த்தேன் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மலாயில் அதற்குச் சரியான சொல் கிடைக்காமல் திணறியபோது சரஸ்வதியம்மா, “பெரட்டுன்னே எழுதுங்க, படிக்கிறவங்க கேட்டுத் தெரிஞ்சிக்கட்டும்” என்றார். அப்படியே எழுதினேன். ஜமால் யாருக்கோ தொலைபேசியில் பேசினார். அந்தப் பகுதியைக் கையால் தோண்டிப் பார்க்கும்வரை இயந்திரம் வராது என்று உறுதி சொன்னார்.

மூன்றரைக்கு மூவரும் இடத்தைப் பார்க்க நடந்தோம். கூடத்திலிருந்து ஐந்நூறு மீட்டர்கூட இல்லை. செம்மண், சமமாக, கண்ணுக்கெட்டிய வரை. ஒரு மரம் இல்லை.

“எந்த எடம்மா?” என்றேன்.

“ரெண்டு ரம்புத்தான் மரம் நின்னுச்சு. அதுக்கு நடுவுல.” இந்தப் பக்கம் பத்து அடி நடந்தார், திரும்பி அந்தப் பக்கம் நடந்தார். செருப்பெல்லாம் சிவப்பு மண். “இப்ப எந்தப் பக்கம்னு எனக்கே தெரியல தம்பி.”

மரங்களை எப்போது தள்ளினார்கள் என்று ஜமாலிடம் கேட்டேன். அறிக்கை வந்த மறு வாரம் என்றார்.

ஏழு மணிப் பேருந்தில் திரும்பினேன். எங்கள் வீட்டில் வருடாவருடம் படைப்பு உண்டு. செத்துப்போன முன்னோர் பெயரையெல்லாம் சொல்லி, இலை போட்டுச் சோறு வைப்போம். பெயர் தெரியாமல் ஒருவர்கூட விட்டுப்போகவில்லை என்பதில் எங்களுக்குப் பெருமை. அந்தப் பெருமையை நினைக்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

யோங் பெங் தாண்டும்போது, குழு எனக்கு அனுப்பியிருந்த மின்னஞ்சலைக் கைப்பேசியில் திறந்தேன். ஒலிப்பதிவோடு ஒரு தாளின் படமும் இருந்தது. மொழிபெயர்த்த அன்று அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சரஸ்வதியம்மாவின் பெயர், தொலைபேசி எண், அதற்குக் கீழே கோணல்மாணலான தமிழில் ஒரு வரி: ‘பேச்சு வெளங்கலன்னா கூப்பிடவும்.’

எனக்குத்தான் எல்லாம் விளங்கியிருந்ததே.